கோயிலுக்குப் போவது, சபையில் இருப்பது

எங்கள் பக்கத்தில் கத்தோலிக்கர்கள் ‘சர்ச்சுக்குப் போறேன்’ என்று சொல்வது குறைவு. கோயிலுக்குத்தான் போவார்கள். அங்கே நடப்பது பூசை, நடத்துபவர் சாமியார். மணியடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அலைபவர் கோயில்பிள்ளை. ‘திருப்பலி’, ‘அருட்தந்தை’ எல்லாம் திருவிழா நோட்டீஸில் அச்சாகிற சொற்கள். பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் வயதானவர்களின் வாயில் வருவது பழைய சொற்கள்தான். அதே ஊர்களில் பெந்தெகொஸ்தேகாரர்களிடம் பேசினால் எல்லாம் மாறிவிடும். அவர்கள் ‘சபை’க்குப் போவார்கள், ‘ஆராதனை’யில் கலந்துகொள்வார்கள், நடத்துபவர் பாஸ்டர்.

வட்டார வழக்கு என்று இதைக் கடந்துபோய்விடலாம்தான். ஆனால் ‘கிறிஸ்தவன் சர்ச்சுக்குப் போயே ஆகணுமா, வீட்டிலேயே ஜெபம் பண்ணிக்கிட்டு விசுவாசமா இருக்க முடியாதா?’ என்று யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொற்கள்தான் ஞாபகம் வருகின்றன. தமிழில் அது இரண்டு கேள்விகள். கோயில் என்பது இடம், சபை என்பது ஆட்கள். ஒரு இடத்துக்குப் போய்வர வேண்டுமா என்பது ஒன்று, ஒரு கூட்டத்தில் நீ உண்டா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதற்கும் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். இந்தக் குழப்பத்தைத் தமிழ் இலக்கியம் நம்மைவிடத் தெளிவாகப் பார்த்திருக்கிறது என்பது என் எண்ணம். மூன்று நூல்களை எடுத்துக்கொள்கிறேன்: வீரமாமுனிவரின் திருக்காவலூர்க் கலம்பகம், கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம், பாமாவின் கருக்கு. என் அக்கறை கருக்கு மேல்தான். மற்ற இரண்டும் அங்கே போய்ச் சேருகிற வழி.

அரியலூரிலிருந்து தெற்கே, கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம் இருக்கிறது ஏலாக்குறிச்சி. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் புழுதி குடித்துக்கொண்டே போக வேண்டும். இத்தாலியில் 1680இல் பிறந்த பெஸ்கி என்கிற வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கே இருந்தார். அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுந்தது. ஊருக்கே திருக்காவலூர் என்று பெயரிட்டு, அதன்மேல் கலம்பகம் பாடினார். இதில் என்ன நடந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தேவாரமும் பிரபந்தமும் படித்த ஒருவர், தமிழில் தெய்வம் காலூன்றுவது ஊரில்தான் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். இங்கே சிவன் வெறும் சிவன் இல்லை, திருவாரூர்ச் சிவன். பெருமாளுக்கு அரங்கம் வேண்டும், வேங்கடம் வேண்டும். அப்படியானால் மாதாவுக்கும் ஒரு பாடல்பெற்ற தலம் வேண்டும். கொள்ளிடக்கரைக் கிராமம் ஒன்று அப்படித்தான் ‘திரு’ பெற்றது.

அவர் தேர்ந்தெடுத்த வகையும் கவனிக்க வேண்டியது. கலம்பகம் என்றால் பல பூக்கள் கலந்த மாலை. அதன் இலக்கணத்தில் குறத்திக்கு இடம் உண்டு, மறவனுக்கு உண்டு, கள் குடித்துவிட்டு உளறும் களியனுக்கும் உண்டு. முனிவர் ஒவ்வொரு உறுப்பையும் எப்படி மாற்றிக் கையாண்டார் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். எனக்கு முக்கியமானது, வாசலில் யார் என்ன என்று விசாரிக்காத ஒரு வகையை மாதா கோயிலுக்கு அவர் பொருத்தினார் என்பது. அரியலூர் மழவராயருக்கு வந்த ராஜபிளவையை இந்த ஊர் மண்ணையும் நீரையும் வைத்து முனிவர் குணமாக்கினார், அதற்கு நன்றியாக நிலம் கிடைத்தது என்பது அங்கே எல்லாரும் சொல்லும் கதை. அது வரலாறா ஐதிகமா என்று நான் வாதாடப் போவதில்லை. கதையின் நோயாளி கிறிஸ்தவர் இல்லை, நான் கேட்ட வரையில் ஞானஸ்நானம் வாங்கியும் கதை முடிவதில்லை. குணமாகி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, அவர் அரண்மனைக்கே திரும்பிப் போகிறார். இன்றைக்கும் மாதா கோயில்களுக்கு வேண்டுதலோடு வந்து, மொட்டை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போகிறவர்களில் எத்தனையோ பேர் எந்தப் பங்கின் பதிவேட்டிலும் இல்லாதவர்கள். (போகிறபோக்கில் ஒன்று: முனிவரின் பெருங்காப்பியமான தேம்பாவணியின் நாயகன் சூசையப்பர். திருச்சபை என்று ஒன்று தோன்றுவதற்கு முன்பே இறந்துபோனவர். தமிழின் முக்கியமான கிறிஸ்தவக் காப்பியம் ஒன்றின் நாயகன் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசைகூடக் காணாத ஆள்.)

‘காணாத’ என்று தெரிந்தேதான் எழுதினேன். பழைய கத்தோலிக்கத் தமிழில் பூசைக்குப் ‘போவது’, பூசையில் ‘கலந்துகொள்வது’ எல்லாம் பிற்பாடு. பூசை ‘காண்பது’தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிகிற காலம் வரை பூசை லத்தீனில் நடந்தது. புரியாத மொழியில் நடப்பதை மக்கள் கண்டார்கள். மூலஸ்தானத்துக்கு முன்னால் நின்று கண்டுவிட்டு வருவதைப் போல. என் அம்மா இன்னும் அந்த வினைச்சொல்லை விடவில்லை. 2020 ஊரடங்கில் கோயில்கள் பூட்டிக் கிடந்தபோது, மாதா டிவியில் பூசை ஓடும். ஆன்மிக நற்கருணைக்கு ஒரு ஜெபம் திரையில் வரும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வரும்.

“பூசை கண்டியாப்பா?”

“லேப்டாப்ல பாத்தேன்மா.”

“பாத்தியா, கண்டியா?”

நான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை. ஒரு புறம் பூசை ஓட, இன்னொரு புறம் நான் மெயில் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன் என்பது அவருக்குத் தெரியும்.

திருச்சபைச் சட்டம் 1247 ஞாயிறு திருப்பலியைக் கடமை ஆக்குகிறது. அதோடு சேர்ந்து வரும் பண்டிகை நாட்களுக்குத் தமிழில் ‘கடன் திருநாள்’ என்றே பெயர். தக்க காரணம் இல்லாமல் வேண்டுமென்றே தவறவிட்டால் சாவான பாவம். கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் நோய், குழந்தைப் பராமரிப்பு என்று விலக்குகளையும் சபை சொல்லித்தான் வைத்திருக்கிறது. சிக்கல் சட்டத்தில் இல்லை, அது நடைமுறையில் வருகைப் பதிவாகச் சுருங்கிப்போவதில்தான். கொரோனாவுக்குப் பிறகு ஐடி கம்பெனிகளில் வாரத்துக்கு மூன்று நாள் ஆபீஸ் வர வேண்டும் என்று ஆரம்பித்தார்களே, அதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வந்து கார்டை ஸ்வைப் பண்ணிவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடமே சாட்டில் பேசிவிட்டுத் திரும்புவோம். ஆள் வந்தாச்சு. கூட்டம் கூடியதா என்று கேட்டால் தெரியாது.

இடத்தை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கிய ஒரு நூலைப் பார்ப்போம். பாளையங்கோட்டைக் கிருஷ்ண பிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். 1894இல் வெளியான அவருடைய இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியனின் ஆங்கில உருவகக் கதையைக் கம்பனின் காதோடு தமிழ்க் காப்பியமாக்கியது. இதில் தலம் கிடையாது, வழிதான் உண்டு. ஒருவன் வீட்டையும் ஊரையும் விட்டுவிட்டு முதுகில் சுமையோடு கிளம்புகிறான். ‘எனக்கும் கடவுளுக்கும் நடுவில் யாரும் வேண்டாம்’ என்று சொல்கிறவர்கள் உடனே உரிமை கொண்டாடக்கூடிய கதை. ஆனால் பனியன் வாழ்க்கை அதற்கு இடம் கொடுப்பதில்லை. 1660இல் அவரைக் கைது செய்தபோது சாட்டப்பட்ட குற்றம் இரண்டு. அரசாங்க மதத்தின் பங்குக் கோயிலுக்கு வராமல் இருந்தது ஒன்று, அனுமதி இல்லாமல் வேறிடத்தில் கூட்டம் கூடியது இன்னொன்று. ஏறத்தாழ 12 வருஷம் பெட்ஃபோர்ட் சிறையில் கிடந்தார். கோயிலுக்குப் போகாதவர்தான். ஆனால் வீட்டில் தனியாக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்திருந்தால் யாரும் அவ்வளவாகக் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். சபையாக இருந்ததற்காக, கோயிலுக்குப் போகாமல் சிறைக்குப் போனவர் அவர். அவருடைய யாத்திரிகனும் முழு வழியும் தனியாக நடப்பதில்லை. கூட நடந்தவன் கொல்லப்பட்டால் இன்னொருவன் வந்து சேர்ந்துகொள்கிறான். கிருஷ்ண பிள்ளையின் செய்யுளில் மயங்கிப் படிக்கும்போது இந்த வழித்துணை விஷயத்தை நாம் கோட்டைவிட்டுவிடுகிறோம்.

இனி கருக்கு.

1992இல் வந்த நூல். தமிழில் தலித் தன்வரலாறு என்று பேசப்படும்போது முதலில் சொல்லப்படும் பெயர். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் வந்த பிறகு பல்கலைக்கழகங்களில் பாடமாகி, ‘சாட்சியம்’, ‘காயம்’, ‘அடையாளம்’ என்ற தலைப்புகளில் ஆய்வேடுகள் குவிந்துவிட்டன. அவை தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் கருக்கு அடிப்படையில் ஒரு கத்தோலிக்க நூல். கோயிலுக்குப் போவதைப் பற்றி, சபைக்குள்ளே இருப்பதைப் பற்றி, பிறகு வெளியே வருவதைப் பற்றிய நூல். இதை நம் விமர்சகர்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். முற்போக்காளர்களுக்கு அதன் விசுவாசம் சங்கடம், கிறிஸ்தவ வாசகர்களுக்கு அதன் கோபம் சங்கடம்.

முதல் அத்தியாயத்திலேயே பாமா ஊரின் வரைபடத்தைப் போட்டுவிடுகிறார். எந்தச் சாதி எந்தத் தெரு என்று சொல்லிக்கொண்டே வந்து, தபாலாபீஸ், பஞ்சாயத்து, பெரிய கடைகள், பள்ளிக்கூடம், கோயில் எல்லாமே மேல்சாதித் தெருக்களில் இருப்பதை எடுத்துக்காட்டுகிறார். அதனால் அவர்களுக்கு நம் தெருவுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை என்கிறார். தகவல் போலச் சொல்லப்படுகிற இந்த இடம்தான் நூலின் இறையியல் என்று நான் வாசிக்கிறேன். பறையர் தெருவில் பிறந்த ஒரு குழந்தைக்குக் ‘கோயிலுக்குப் போவது’ என்றால் முதலில் தெரு தாண்டுவது. மேல்சாதிப் பிள்ளைக்கு அது வீட்டுக்குப் பக்கத்தில் நடக்கும் விஷயம். ஒரே பூசை, ஒரே நேரம். ஆனால் இருவரும் நடக்கிற தூரம் வேறு. ‘ஏன் கோயிலுக்கு வரவில்லை’ என்று கேட்கிற எந்தப் பிரசங்கத்திலும் இந்தத் தூரத்தை அளந்து நான் கேட்டதில்லை.

பாமா வீட்டிலிருந்தபடி விசுவாசம் பேசியவர் அல்ல. சபைக்குள் எவ்வளவு ஆழமாகப் போக முடியுமோ அவ்வளவு போனவர். ஆசிரியை வேலையை விட்டுவிட்டு, ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்து ஏழு வருஷம் இருந்தவர். அங்கே வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களும், மடத்துக்குள்ளேயே ஊரின் சாதியும் அவருக்காகக் காத்திருந்தன. கடவுள் அன்பானவர், சாந்தமானவர், மன்னிப்பவர் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தவர்கள், அவர் நீதியுள்ளவர், அநியாயத்தைக் கண்டு கோபப்படுகிறவர் என்று சொல்லித்தரவே இல்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. நூலிலேயே கூர்மையான இடம் இதுதான். கடவுளை அவர் மறுக்கவில்லை. பாதிக் கடவுளைத்தான் எங்களுக்குக் கொடுத்தீர்கள், மீதி எங்கே என்று கேட்கிறார்.

நூலில் எனக்குக் குறைகளும் படுகின்றன. பின்பாதியில் சொன்னதையே திரும்பச் சொல்கிறார். சில பக்கங்கள் மேடைப் பேச்சு போல நீள்கின்றன. தெருவையும் விளையாட்டையும் காட்டு வேலையையும் எழுதும்போது கொப்பளிக்கிற பேச்சுத்தமிழ், மடத்துக்குள் நுழைந்ததும் வற்றிவிடுகிறது. ஆட்களின் பெயர் இல்லை, பட்டப்பெயர் இல்லை, சாப்பாட்டு வாசனை இல்லை. முதல் வாசிப்பில் இதை எழுத்தின் தளர்ச்சி என்றுதான் எடுத்துக்கொண்டேன். இப்போது கொஞ்சம் வேறு மாதிரி தோன்றுகிறது. அந்த மொழி ஒரு கூட்டத்தின் மொழி. பாட்டியும் சிநேகிதிகளும் சுற்றியிருந்தால்தான் அது பேசும். மடத்தில் தினமும் பூசை, தினமும் கூட்டு ஜெபம், வருகைக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்த மொழி பேச அங்கே ஆள் இல்லை. ஏழு வருஷம் கோயிலுக்கு மிகப் பக்கத்தில் இருந்த காலம்தான் நூலில் ஆளரவமே இல்லாத காலம்.

தலைப்புக்கு வருவோம். பனைமட்டையின் ரெண்டு பக்கமும் அறுக்கிற கருக்கை, எபிரேயர் திருமடலில் கடவுளின் வார்த்தைக்கு உவமையாக வரும் இருபுறமும் கூரான வாளோடு பாமா முன்னுரையில் இணைக்கிறார். அது 4ஆம் அதிகாரம், 12ஆம் வசனம். இதே திருமடலின் 10ஆம் அதிகாரம் 25ஆம் வசனம்தான், ஞாயிற்றுக்கிழமை வராதவர்களை நோக்கிப் போதகர்கள் வழக்கமாக எடுத்து வீசுவது. சிலரைப் போல நீங்களும் ஒன்றுகூடுவதைக் கைவிட்டுவிடாதீர்கள் என்ற பொருளில் வருவது. ஒரே கடிதம். சபையை விட்டுப் போகாதே என்று சொல்ல ஒரு வசனம், சபையை அறுத்துக்கொண்டு வெளியே வந்த பெண்ணின் புத்தகத்துக்குப் பெயராக இன்னொரு வசனம். 10ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிப்பவர்கள் அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசித்தால் நன்றாக இருக்கும். ஒருவர்மேல் ஒருவர் கவனமாக இருந்து, அன்புக்கும் நற்செயலுக்கும் தூண்டிக்கொள்வதுதான் அங்கே விஷயம். கூடுவது அதற்காக. அது நடக்காத கூட்டத்தை அந்தக் கடிதத்தை வைத்து நியாயப்படுத்த முடியாது.

மடத்தை விட்டு வந்த பாமா எங்கே போகிறார்? தனிமைத் தியானத்துக்குப் போகவில்லை. வேலை இல்லாமல், கையில் காசு இல்லாமல், அடுத்தது என்ன என்று தெரியாமல் சொந்த ஜனங்களிடம் வருகிறார். அவர்களோடு இருப்பதே போதும் என்கிற இடத்துக்கு வந்துசேர்கிறார். அதனால்தான் ‘எனக்கு இயேசு போதும், சர்ச் வேண்டாம்’ என்று சொல்கிற என் வயதுக்காரர்கள் கருக்கை மேற்கோள் காட்டும்போது எனக்கு ஒட்டுவதில்லை. நமக்குச் சர்ச் போரடிக்கிறது, பிரசங்கம் நீளம், பார்க்கிங் இல்லை. அதில் தப்பும் இல்லை. ஆனால் பாமா போரடித்து வெளியே வரவில்லை. சபை என்ற சொல்லை அதை நடத்தியவர்களைவிட அதிகமாக நம்பியதால் வந்தார். நமக்கும் அவருக்கும் ‘போகவில்லை’ என்ற வினை மட்டும்தான் பொது.

சபைக்கு வெளியே நின்று இயேசுவைப் பின்பற்றியவர்கள் தமிழ்நாட்டில் புதிதும் இல்லை. சென்னையில் கந்தசாமிச் செட்டியார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, கிறிஸ்துவை ஏற்கிறேன், ஆனால் உங்கள் சபையில் சேர மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர்கூட இயேசுவைப் பின்பற்றுவோருக்கென்று ஒரு கூட்டுறவை உண்டாக்கத்தான் செய்தார். சென்னை குருகுலம் லுத்தரன் இறையியல் கல்லூரியில் இருந்த ஹெர்பர்ட் ஹோஃபர், ஞானஸ்நானம் வாங்காமல், கோயிலுக்குப் போகாமல் இயேசுவை வணங்குகிறவர்களைத் தமிழ்நாட்டில் தேடிப் போய்ப் பேசி, ‘சர்ச்லெஸ் கிறிஸ்டியானிட்டி’ என்ற நூலில் பதிவுசெய்தார். அந்த நூலை இறையியல் சுதந்திரத்தின் கொண்டாட்டமாக வாசிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படி வாசிக்கத் தயக்கம். குடும்பம் என்ன சொல்லும், தெரு என்ன சொல்லும் என்ற கணக்கு அந்த மௌனத்துக்குள் இருக்கிறது. சில வீடுகளில் அதோடு இன்னொரு கணக்கும் சேரும்.

அது சாதிச் சான்றிதழ். 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956இல் சீக்கியர்கள், 1990இல் பௌத்தர்கள் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே. மதம் மாறிய தலித் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போவார். தெருவில் சாதி போகாது, தாலுகா ஆபீஸில் மட்டும் போய்விடும். எனவே கோயிலுக்குப் போவதா வேண்டாமா என்பது சிலருக்கு ஆன்மிகக் கேள்வி ஆவதற்கு முன்பே ஆவணக் கேள்வி ஆகிவிடுகிறது. வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு கூடம் என்று கால்சட்டை போல இரண்டு கிளையாகக் கட்டிய கோயிலின் நடுச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. சுவர் வேறு வேறு பொருட்களில் திரும்பக் கட்டப்படும்போலிருக்கிறது, சில சமயம் காகிதத்தில்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், அரசு எழுத்தர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டிருந்தார். நான் இந்து என்பது அவர் வாதம். குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றதும், முறையாகக் கோயிலுக்குப் போய்வந்ததும் அவருக்கு எதிரான சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்பட்டன. மனு தள்ளுபடி ஆனது. ‘கிறிஸ்தவராக இருக்கக் கோயிலுக்குப் போக வேண்டுமா?’ என்ற கேள்விக்கு இந்த நாட்டின் மிக உயர்ந்த மன்றம் தன் வழியில் ஒரு பதில் வைத்திருக்கிறது. போய்க்கொண்டிருந்தால், நீ கிறிஸ்தவர்.

மூன்று மாதம் கழித்து, 2025 பிப்ரவரியில், அதே உச்ச நீதிமன்றம் இன்னொரு மனுவில் நோட்டீஸ் அனுப்பியது. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் பங்கைச் சேர்ந்த தலித் கத்தோலிக்கர்கள் போட்டது. பெரம்பலூரும் ஏலாக்குறிச்சியும் இருக்கிற அதே கும்பகோணம் மறைமாவட்டம். தங்கள் கோயிலின் நிர்வாகத்திலும் திருவிழாவிலும் தங்களுக்குச் சமமான இடம் இல்லை என்பது மனுவின் சாரம். உயர் நீதிமன்றம் ஏற்காததால் டெல்லி வரை போயிருக்கிறார்கள். வீட்டிலேயே ஜெபம் பண்ணிக்கொள்ளுங்களேன், விசுவாசம் மனசில்தானே இருக்கிறது என்று அவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.